லிட்கம் வாசலில் வெள்ளைக் கையுறை

சிட்னி, 1975. என் விடுதியில் தங்கியிருக்கும் ஜப்பானிய அம்மா தன் ஊரில் நகரசபை உறுப்பினர். வரும் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நிற்கப்போகிறார். அங்கே தேர்தலுக்கு நிற்பவர்கள் காலையில் ரயில் நிலைய வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்று, வேலைக்குப் போகிறவர்களைக் குனிந்து வணங்குவார்களாம். ஒரு நாள் விட்டாலும் இடுப்பு குனிய மறந்துவிடும் என்று சொல்லி, இங்கே லிட்கம் நிலைய வாசலிலும் வந்து நின்று குனிகிறார்.

ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் அவர் கையில் டிக்கெட்டைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். அவரும் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி வணங்குகிறார்.

வாசலில் நின்று பயணிகளின் டிக்கெட்டைத் திரும்பப் பெறவேண்டிய ரயில்வே ஊழியரான யாழ்ப்பாணத்துக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து திகைக்கிறார்.

"ஆர் இவ? என்ர இடத்துக்கு ஆளைப் போட்டிட்டாங்களோ?" என்று என்னிடம் கேட்கிறார்.

"இல்லைங்க. அவங்க ஊர்ல எம்.பி. ஆகப்போறவங்க."

"எம்.பி. எண்டா நாங்களெல்லோ குனியோணும்?"

அந்த அம்மா டிக்கெட்டுகளை அவரிடம் ஒப்படைக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்கிறார்:

"ஒரு பெண் வாசலில் ஏன் நிற்கிறாள் என்று எங்கள் ஊரில் இன்னும் கேட்கிறார்கள். இங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை."