பார்டர் வரைக்கும் ஒரு டிக்கெட்

காலை 8.40. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு பேருந்து புறப்பட்டது. தொலைவு தொண்ணூறு கிலோமீட்டர். கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். பனியில் மலைகள் பாதி கரைந்திருந்தன. முன்னால் போன லாரியில் கிரானைட் பாறை மட்டும் தெரிந்தது, தானே மிதந்து போவதுபோல.

பக்கத்து இருக்கையில் சரோஜம்மா. ஓசூரில் விடுதியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். ஒன்பது மணிக்கு மகளின் கடைசி அரியர் தேர்வின் முடிவு.

“பாஸானா திங்கக்கெழம கம்பெனில சேந்துக்கலாம் சார். இல்லன்னா பெங்களூர் கார்மெண்ட்ஸுக்கு ஓடிருவேன், பார்டர் தாண்டுனா திரும்ப மாட்டேன்னு சொல்லிட்டா.”

9.25. சூளகிரி. சரோஜம்மாவின் கைப்பேசி ஒலித்தது. “அம்மா, பார்டர்!” அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் மணியே போகவில்லை.

“போயிட்டா சார்,” என்றார். நடத்துனரைக் கூப்பிட்டார். “அண்ணா, எனக்கு ஓசூர் வேணாம். பார்டருக்கு ஒண்ணு குடு.”

“பார்டர்ல என்னம்மா இருக்கு? லாரிதான் நிக்குது,” என்றபடி சீட்டைக் கிழித்தார் அவர். எனக்கும் அந்தச் சொல் ஊர்ப்பெயராகவே கேட்டது.

10.05. ஓசூர். ஐந்து நிமிடம் நின்றது. சரோஜம்மா முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்திருந்தார், நிமிரவே இல்லை. விசில் கேட்டு வண்டி நகர்ந்தபோது, வெண்பனியிலிருந்து ஒரு கை வந்து சன்னலைத் தட்டியது.

“எம்மா! எறங்காம எங்க போற?”

“பார்டருக்குத்தாண்டி! நீதான சொன்ன?”

“ஐயோ லூசு அம்மா! பார்டர்ல பாஸ்! நாப்பது வேணும், கரெக்டா நாப்பது! சொல்றதுக்குள்ள சார்ஜ் போயிடுச்சு!”

நடத்துனர் இன்னொரு விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். “எறங்கும்மா. நீயும் பார்டர்லதான் பாஸு.”

“பதிகிபோயாம் சாமி,” என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே இறங்கினார். பிழைத்தோம் என்று பொருள். பையை மறந்துவிட்டார், சன்னல் வழியே கொடுத்தேன்.

கல்லூரியில் நானும் நண்பர்களும் தினமும் சொன்ன சொல்தான் அந்த ‘பார்டர்’. ஆனால் வீட்டில் அப்படிச் சொன்னதில்லை. கும்பகோணத்துக்காரர்கள் நாங்கள், “ஒருவழியாக் கரையேறிட்டான்” என்பார் அம்மா. எங்களுக்கு ஆறு, இவர்களுக்கு எல்லை.

அந்த எல்லையைப் பார்க்க வேண்டும் என்று கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே வெண்மை தவிர ஒன்றுமில்லை.

10.40. “பார்டர் எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“அது தாண்டி அஞ்சு நிமிசமாச்சு சார்,” என்றார் நடத்துனர்.