ஸ்டீபனின் லைவ் கேசட்

நேற்று மகள் ஏதோ ராக் கச்சேரிப் பதிவைப் போட்டாள். பாட்டுக்கு முன்னால் கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தேன்.

1991. எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வெளியூர்க்காரர்களைப் போலீஸ் தேடித்தேடி விசாரித்தது. லாட்ஜில் தங்கியிருந்த தூத்துக்குடி ஸ்டீபன், என் அண்ணனின் நண்பன். இருவருக்கும், நிமிடக்கணக்கில் வாத்தியம் மட்டுமே ஓடும் புரோக்ரஸிவ் ராக் என்றால் பைத்தியம். சாயங்காலமானால் எங்கள் வீட்டில், சூடேறி பிளாஸ்டிக் வாசனையடிக்கும் டேப்ரிக்கார்டர் முன்னால் வாக்குவாதம்தான்.

"மேடையில ஒரு தப்பு இல்லாம வாசிக்கிறான் பாரு, அவன்தான் கிடாரிஸ்ட்டு" என்பான் அண்ணன்.

"தப்பையும் அழகாக்குதான்ல எங்காளு!" என்பான் ஸ்டீபன்.

"சத்தத்தக் கொறைங்கடா, ஜீப்பு சுத்திகினு கீது" என்றாள் அம்மா.

அன்று ஜீப் எங்கள் வாசலிலேயே நின்றது. உள்ளே வந்த இன்ஸ்பெக்டர், ஸ்டீபனின் கேசட் ஓடிக் கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த டேப்ரிக்கார்டரைப் பார்த்தார்.

"இன்னா கூட்டம் இது? எங்க கத்துறானுங்க?"

"லண்டன் சார். லைவ் ரிக்கார்டிங்" என்றான் ஸ்டீபன்.

அவனையும் கேசட்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா அடுப்பையே மூட்டவில்லை. அண்ணன் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

மறுநாள் மாலை ஸ்டீபன் வந்தான்.

"அடிச்சாங்களாடா?"

"இல்லல. கேசட் முழுசையும் கேட்டாங்க. பாட்டு எப்பல வரும், எப்பல வரும்னே கேட்டாங்க."

அண்ணன் சிரித்துவிட்டான். ஸ்டீபன் சிரிக்கவில்லை. ஊருக்குப் போவதாகச் சொல்லி, "நீயே வச்சுக்கல" என்று கேசட்டை நீட்டினான்.

அண்ணன் வாசலை ஒருமுறை பார்த்தான். கையை நீட்டவில்லை.