சைக்கிள் ஷெட்டில் நின்ற பஸ்

ஒரு வேலை நன்றாக நடக்கிறது என்றால், அது அந்த வேலைமுறையின் பலமா, அதை நடத்துகிறவரின் பலமா? இந்தக் கேள்வியை மைமூன் டீச்சரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அவர் சிரித்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது. சேர்ந்து யோசிக்க இப்போது அவரும் இல்லை.

அன்று காலை, பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வரும் முதல் பஸ் எங்கள் திருப்பத்தில் ஹாரன் அடிக்காமல் நின்றது. அது வழக்கமில்லை. கண்டக்டர் பழனிச்சாமி இறங்கிச் சந்துக்குள் நடந்து வந்து என் வீட்டு வாசலில் நின்றார். தோளில் மாட்டியிருக்கும் தோல்பையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"நம்ம மைமூன் டீச்சரு விடியக்காலம் தவறிட்டாங்க டீச்சர். மார்வலின்னு சொன்னாங்களாம், அவ்வளவுதானுங்க. அவங்கண்ணன் உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. வேலந்தாவளம் போயிட்டு இதே பஸ்ஸு திரும்பும். நீங்க கெளம்பி இருங்க, நான் வந்து கூப்பிடறேன்."

மைமூனை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கொழிஞ்சாம்பாறையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பத்துப் பெண். எங்கள் உயர்நிலைப் பள்ளியின் தமிழ் டிவிஷனில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். என் வயதுதான், நாங்கள் இருவரும் ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சிரித்தால் இரண்டு சுவர் தாண்டி என் அறிவியல் வகுப்பில் கேட்கும். பிள்ளைகள் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரிப்பார்கள். நான் மட்டும் பாடத்தை நிறுத்திவிட்டு, அது ஓயட்டும் என்று காத்திருப்பேன்.

அவருடைய கணக்கு வகுப்புக்கு மூலகாரணம் அந்த பஸ்தான். ஒரு நாள் காலை அண்ணன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் தாமதமாகிவிட்டது. வழக்கம்போல டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு பழனிச்சாமி இறங்கி ஜவுளிக்கடைச் சந்துக்குள் போய், "டீச்சர், பஸ் நிக்குதுங்க!" என்று குரல் கொடுத்தார். அரைகுறையாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இவர் ஓடிவந்து ஏறியபோது பஸ் முழுக்க ஆள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லையாம். அதைப் பற்றி அவர் பள்ளிக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்.

"ஏன் சுளிக்கல சொல்லுங்க பார்ப்போம்? நாளைக்கு அவங்க ஊட்டுக்கும் பழனிச்சாமி போகோணுமல்ல! இதே மாதிரி ஒரு வகுப்பு நடத்தினா என்னங்க டீச்சர்?"

அடுத்த வாரமே நடத்திவிட்டார்.

பெல் அடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம். இடம், சைக்கிள் ஷெட். வகுப்பில் புதிதாக ஒரு பாடம் நடந்திருந்தால், மறுநாள் காலை அதில் சில கணக்குகள் கரும்பலகையில் இருக்கும். போட முடிந்தவர்கள் 'ஸ்டாப்பில் நிற்கிறவர்கள்'. அவர்கள் அடுத்ததைப் போட்டுக்கொண்டே போகலாம். கொஞ்சம் தடுமாறுகிறவர்களுக்கு, வெளியே எடுத்து நிறுத்திய சைக்கிள்களில் உரத்த மணி உள்ளதைத் தேடி அடிப்பார். பெரும்பாலும் அது தலைமையாசிரியருடையதாக இருக்கும். அதுதான் ஹாரன். மணி கேட்டு நாலைந்து பேர் கூடிவந்தால், வேறு உதாரணம் வைத்து மறுபடி சொல்லித் தருவார். அதிலும் வராதவர்களுக்கு 'ஊடு', கண்டக்டர் வீட்டுக்கே போய்க் கூப்பிடுவது போல. ஒருவருக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து. உட்காருகிறவர் மைமூனாக இருக்கலாம், அந்தப் பாடம் வந்துவிட்ட இன்னொரு பிள்ளையாகவும் இருக்கலாம். அடுத்த பாடம் தொடங்கினால் பழைய கணக்கு எல்லாம் ரத்து. எல்லோரும் மறுபடி ஸ்டாப்பில்.

'ஊடு' என்று சொல்லப்பட்ட பிள்ளையிடம் அவர் "புரிஞ்சுதா?" என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. "எந்த ஸ்டாப்புல எறங்குனே கண்ணு?" என்பார். இறங்கினது ஒரு குற்றமே இல்லை, எங்கே என்று தெரிந்தால் போய் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்கிற மாதிரி. பிள்ளைகளும் மறைக்காமல் சொல்லும். "பின்னத்துல கீழ இருக்கற நம்பரு ரெண்டுலயும் வேற வேறயா வந்துச்சே, அங்கதானுங்க எறங்கிட்டேன்."

முதல் வாரமே தலைமையாசிரியர் ஷெட்டுக்கு வந்தார். வடகரப்பதிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை.

"ஏனுங்க மைமூன் டீச்சர், சைக்கிளெல்லாம் வெயில்ல நிக்குது, புள்ளைங்க நெழல்ல நிக்குது. இது என்னங்க ஞாயம்?"

"சைக்கிளுக்குப் பரீட்சை இல்லீங்களே சார்!"

பிள்ளைகள் சிரித்தன. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறொரு திட்டம் இருந்தது. கணக்கில் தோற்கிறவர்களையெல்லாம் சேர்த்து, கிணற்றுப் பக்கத்துப் பழைய கட்டடத்தில் தனி டிவிஷன் ஒன்று வைத்துவிடுவது. அங்கே போனவர்கள் பள்ளியை விட்டுப் போகும்வரை அங்கேதான். ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மைமூன் எழுந்து நின்றார். அன்று சிரிக்காமல் பேசினார்.

"பேரைப் புள்ளைக்கு வெக்காதீங்க சார், பாடத்துக்கு வெய்ங்க. பாடம் முடிஞ்சா பேரும் முடிஞ்சுது. அந்தக் கட்டடத்துல கொண்டுபோய் விட்டீங்கன்னா பேரு முடியவே முடியாதுங்க."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வருடப் பரீட்சைவரை காலை வகுப்பு தடையில்லாமல் நடக்கட்டும். அந்தப் பிள்ளைகள் தேறினால் பழைய கட்டடம் பூட்டியே கிடக்கட்டும். வகுப்பு நடுவில் நின்றுபோனால், ஜூனில் தனி டிவிஷன்.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எனக்குச் சந்தேகங்கள் இருந்தன, அவற்றை அவரிடமே சொன்னேன். பிள்ளைகள் முன்னேறினால் அதற்கு பஸ்ஸும் ஹாரனும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படித்தால் யாராக இருந்தாலும் முன்னேறுவார்கள் என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க! வாங்க, எச்செம்முகிட்ட வந்து இதையே சொல்லுங்க. கூட ஒரு மணி நேரம் குடுத்தாப் போதும்னு அறிவியல் டீச்சரே சொல்லிட்டாங்கன்னு."

"நான் சொல்ல வந்தது அதுவல்ல."

"தெரியுமுங்க. ஆனா நீங்க சொன்னது அதுதான்."

நன்றாகப் படிக்கிறவர்களின் நேரம் வீணாகிறதே என்பது என் இன்னொரு சந்தேகம். அதற்கு வடிவியல் பாடம் வந்தபோது பதில் தானாக வந்தது. வகுப்பில் முதல் மாணவன் சுரேந்திரன். அவனுக்குக் கூட்டல் கழித்தல் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. காம்பஸ் பிடித்துக் கோணத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் மட்டும் பென்சில் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஹாரன் அடித்தும் வரவில்லை. 'ஊடு'. அவனிடம் அனுப்பப்பட்டவள் தங்கமணி. பின்னத்தில் வாரக்கணக்காக ஊட்டிலேயே இருந்த பெண். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள்.

"வா, பஸ் நிக்குது."

"எனக்குத் தெரியும், நீ போ."

"தெரிஞ்சா ஏன்டா உன்ற கோடு பாம்பாட்டப் போகுது? காம்பஸ்ஸ மண்வெட்டியாட்டப் புடிக்காத. மெதுவாப் புடி. நானென்ன உன்னையக் கடிச்சா திங்கப் போறேன்?"

அவன் முகம் சிவந்தது. ஆனால் காம்பஸைக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு தலைகளும் ஒரே தாளின்மேல் குனிந்திருந்தன. மைமூன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தூணைப் பார்த்துக்கொண்டேன். அதற்குள் காலையில் ஷெட்டுக்கு வந்து ஓரமாக நிற்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. கவனிக்கத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு என் முறை வந்தது. எழுபத்திரண்டில் கோவைப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவள் நான். வந்தது முதல் மலையாளம் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டிலும் வகுப்பிலும் தமிழ். சுற்றறிக்கை வந்தால் குமாஸ்தா வாசித்துச் சொல்லிவிடுவார். பஸ்ஸின் பலகையையும் படித்ததில்லை. எங்கள் ஊர் பஸ் பச்சை நிறம், அது எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை தெரிந்தவர் காரில் சித்தூருக்குப் போய், சாமான் வாங்கிக்கொண்டு பச்சை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது, தெற்கு மலை எதிரே சுவர் மாதிரி எழுந்து நின்றது. கொல்லங்கோடு. எங்கள் பஸ்ஸுக்கு அந்த வாரம்தான் நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். முதுகலை படித்தவள் கைப்பையும் கத்தரிக்காயுமாக வேற்றூரில் நின்றேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்டக்டர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலை ஷெட்டில் நுழைந்ததும் மைமூன் கேட்டார்.

"எந்த ஸ்டாப்புல எறங்குனீங்க டீச்சர்?"

எல்லாப் பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தன. அவர்களுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு வேறு வழி இல்லை. "முதல் எழுத்திலேயே" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. நானும் சிரித்தேன் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை. "நீங்க ஊடுங்க!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தங்கமணியை நியமித்தார். அவளுடைய பக்கத்து வீட்டுத் தோழிகள் மலையாளக்காரர்கள், அவர்களிடம் எழுத்துப் பழகியிருந்தாள். மாலையில் என் வீட்டுக்கு வந்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். கண்டிப்பான ஆசிரியை. என் கையெழுத்தைப் பார்த்து, "இதைய எங்க மைமூன் டீச்சருகிட்டக் காட்டினா அழுவாங்க" என்றாள். இப்போது பலகை படித்துத்தான் ஏறுகிறேன். நிறத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

மைமூன் போன அன்று பகல் முழுவதும் ஜவுளிக்கடை வீட்டின் உள்கூடத்தில், பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். மாலைத் தொழுகைக்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே வந்தபோது தலைமையாசிரியர் வாசலில் நின்றிருந்தார். அழுதிருப்பார் போலிருந்தது.

"பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசமிருக்குதுங்க. காலை வகுப்ப நீங்க பாத்துக்குவீங்களா டீச்சர்? நீங்கதான் தெனமும் அங்க நின்னீங்க."

"நின்றேன். அவ்வளவுதான் சார். அவருக்கு வந்தது எனக்கு வராது."

அவர் வற்புறுத்தவில்லை. பழைய கட்டடத்தைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது நினைவில் இருந்தது.

மைமூனிடமிருந்து எனக்கு எஞ்சியது ஒரு பொருள் அல்ல. கைக்குட்டையோ பேனாவோ நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. எந்த ஸ்டாப்பில் இறங்கினாய்? 'புரிந்ததா' என்று கேட்டே இத்தனை வருடம் பாடம் நடத்தியவள் நான். 'புரிந்தது' என்கிற பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனவள். அந்தக் கேள்வி யார் வாயிலிருந்து வந்தாலும் வேலை செய்யுமா, அவருடைய குரலுக்கும் சிரிப்புக்கும் மட்டும்தானா என்பது, நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல முயலவில்லை. மறுநாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெல் அடிக்கும் நேரத்துக்குப் போனால் போதும் என்று முடிவு செய்திருந்தேன். காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது சந்தில் சைக்கிள் மணி அடித்தது. பால்காரர் என்று இருந்துவிட்டேன். மறுபடி, இந்தத் தடவை நீளமாக அடித்தது. பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். தங்கமணியும் சுரேந்திரனும் நின்றார்கள்.

"டீச்சர், பஸ் நிக்குதுங்க" என்றாள் தங்கமணி.

"எல்லாரும் ஷெட்டுல இருக்கறாங்க" என்றான் சுரேந்திரன். "நீங்க ஸ்டாப்புக்கு வரலீங்க. ஹாரனும் ரெண்டு தடவை அடிச்சோம்."

"அதான் ஊட்டுக்கே வந்துட்டோமுங்க."

அவன் பிடித்திருந்த சைக்கிளை அப்போதுதான் பார்த்தேன்.

"இது எச்எம் சைக்கிள் ஆயிற்றே?"

"சாருதானுங்க குடுத்தாரு. உங்க டீச்சருக்கு இந்த மணி அடிச்சாத்தான் கேக்கும், எடுத்துட்டுப் போங்கடான்னாருங்க."

காபியை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். வழியில் சுரேந்திரன் தேவையில்லாத இடத்திலெல்லாம் மணி அடித்துக்கொண்டு வந்தான். ஷெட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள்கள் வெளியே வெயிலில் வரிசையாக நின்றன. முந்தைய வாரக் கணக்கு கரும்பலகையில் மைமூனின் கையெழுத்தில் அப்படியே இருந்தது, யாரும் அழிக்கவில்லை. நான் அதன் பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"யார் யார் எந்த ஸ்டாப்பில் இறங்கினீர்கள்?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், கேக்கலீங்க!"

இன்னும் உரக்கக் கேட்டேன். கைகள் உயர்ந்தன.