பூஜை போட்ட மெஷினும் ராதா மேடத்தின் மண் பொட்டலமும்

நேற்று முன்தினம் மத்தியானம், லேபில் மண்ணில் எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும் மெஷினுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பினால், வாசலில் ராதா மேடம்!

யார் அவர் என்று கேட்பவர்களுக்கு: சுரங்கக் கழிவு மண்ணைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும் இவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. முப்பது வருடமாகக் கனடாவில் பேராசிரியர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம்.

எங்கள் யுனிவர்சிட்டியில் இதே மண்ணை ஆராய ஒரு ரிசர்ச் சேர் உண்டு. பெரிய ஆராய்ச்சியாளர் ஒருவரை வரவழைத்து, பதவி, லேப், மாணவர்கள் எல்லாம் கொடுக்கும் ஏற்பாடு. இரண்டு வருடமாகக் காலி! ஒருவர் பெங்களூர் டிராஃபிக்கைப் பார்த்துவிட்டு அப்படியே ஏர்போர்ட்டுக்குத் திரும்பினார். இன்னொருவர் மெயிலுக்கே பதில் போடவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் இதற்குப் பணம் தரும் நன்கொடையாளர் வாபஸ் வாங்கிவிடுவார். ராதா மேடம்தான் கடைசி நம்பிக்கை.

உனக்கென்ன அதில் என்கிறீர்களா?

நான் அந்த லேபின் டெக்னீஷியன். தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறேன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காற்றுக் காலத்தில் சுரங்கக் கழிவு மண்மேட்டுத் தூசி எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அதில் என்ன இருக்கிறது, எப்படி அடக்குவது என்று தெரிந்தவர் ஒருவர் வந்து பார்க்க மாட்டாரா என்று எனக்கு வெகுநாள் ஏக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எச்.ஓ.டி. சார் காலண்டரைப் பார்த்துத்தான் மேடத்துக்குத் தேதி கொடுத்தார். லீவு மறுநாள்தானே, அன்று வேலை நாள்தானே என்று. பெங்களூரில் எந்த ஆபீஸில் லீவு அன்று ஆயுத பூஜை போட்டிருக்கிறார்கள்? முந்தின நாளே எல்லாரும் இருக்கும்போது போட்டு, பொரி கடலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வருடா வருடம் இரண்டு பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு போகும் மனிதர் இதை மறந்துவிட்டார்!

(நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் மெஷினுக்குச் சந்தனம் வைப்பது வருடா வருடம் நான்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்!)

சார் தன் ரூமில் அறுபத்து நாலு ஸ்லைடு தயாராக வைத்திருந்தார். மேடம் மூன்றாவதிலேயே எழுந்துவிட்டார்.

"ஸ்லைடு அப்புறம் பாக்கலாம் சார். லேப காட்டுங்க."

லேபில் மெஷினின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மேலே செவ்வந்தி மாலை. கீபோர்டு மேல் எலுமிச்சம்பழம்.

மேடம் ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார்.

"இது பதில் தெரிஞ்ச மண்ணு. எதெது எவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க மெஷின் என்ன சொல்லுதுன்னு பாக்கலாமா? ராத்திரி ஃபிளைட் எனக்கு."

அட்டெண்டர் முனியப்பா அண்ணன் பதறிப்போனார். "பூஜை ஆயிடுச்சு மேடம். இனி விஜயதசமிக்குத்தான் தொடணும்."

சார் என் காதருகே வந்து, "கிரேஸ், ஸ்வல்ப ஆன் மாடம்மா. ப்ளீஸ்!" என்று கன்னடத்தில் கெஞ்சினார், கொஞ்சம் ஆன் பண்ணும்மா என்று. பாவமாக இருந்தது.

என் கை சுவிட்ச் வரைக்கும் போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே ஆஃப் செய்த மெஷின் அது.

"இப்ப ஓட்டினா நம்பர் வரும் மேடம். ஆனா பொய் நம்பர். இது சூடாகி நிலைக்கு வர அஞ்சு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உங்க ஃபிளைட்டுக்கு நேரமாயிடும்."

சார் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, சேர் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

மேடம் மட்டும் அசையவில்லை. "சரி, நல்லா ஓடுற நாள்ல எப்படி ஓடுதுன்னு எங்க பாக்கறது?"

வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அது ஆபீஸ் நோட்டு இல்லை. நாலு வருடமாக எங்கள் வீட்டு ஜன்னல் தூசியை ஃபிலிம் டப்பாவில் வழித்துக்கொண்டு வந்து, மதிய இடைவேளையில் யாருக்கும் சொல்லாமல் ஓட்டி எழுதிய நோட்டு. சாருக்கே அன்றைக்குத்தான் தெரியும். (வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நீட்டினேன்!)

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முனியப்பா அண்ணன் பொரியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு பக்கத்தில் மேடத்தின் விரல் நின்றது.

"‘இன்று என் தப்பு. முந்தின சாம்பிளைக் கழுவாமல் ஓட்டிவிட்டேன். இந்த நம்பரை நம்ப வேண்டாம்.’ இத எழுதச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம். எங்க வீட்டுத் தூசி. நானே பொய் எழுதினா யார ஏமாத்தறது?"

மேடம் நோட்டை மூடவில்லை. பொரியைக் கொறித்துக்கொண்டே கேட்டார்:

"விஜயதசமிக்கு எத்தன மணிக்கு மெஷின எழுப்புவீங்க?"

ஃபிளைட் டிக்கெட்டை மாற்றிவிட்டார்!!!

இன்று விடியற்காலை ஐந்து மணிக்கே சார் தேங்காய் உடைத்து, லீவு நாளில் லேபைத் திறந்தார். நான் லேபுக்குப் பக்கத்தில் அடுகோடியில் சித்தி வீட்டிலேயே தங்கிவிட்டேன். மெஷின் சூடாகி, பத்து மணிக்கு மேல் மேடத்தின் பொட்டலம் ஓடியது. வந்த நம்பரைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். அடுத்து எங்கள் வீட்டுத் தூசி. அந்த நம்பரை என் நோட்டில் தன் கையாலேயே எழுதினார்.

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து இன்னும் ஆகவில்லை. சாருக்குக் கேட்கவும் பயம். கிளம்பும்போது மேடம் திரும்பி நின்று சொன்னார்:

"கிரேஸ், இந்த பெஞ்ச் ரொம்பத் தாழ்வா இருக்கும்மா. தினம் குனிஞ்சு நின்னா என் முதுகு தாங்காது. ரெண்டு இன்ச் ஒசத்தி வெக்கச் சொல்லுங்க."

தினம்!

ஒரு டியூப்லைட் மாற்ற மூன்று மாதம் எடுக்கும் எங்கள் சார், டேப்பை எடுத்துக்கொண்டு தானே அளக்க ஆரம்பித்துவிட்டார்.

மக்களே, அவசரம்! உளிக்குப் போட்ட மாலையை இன்றைக்கே கழற்றும் கார்பெண்டர் யாராவது அடுகோடிப் பக்கம் இருக்கிறாரா?