சிரிப்பு வரலேன்னா காசு வாபஸ்

ஓஸ்வால்ட் நன்கொடை கேட்கப் போனால் எதையாவது வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். சிவாஜிநகர் பக்கம் இருக்கும் பார்வையற்றோர் நூலகத்துக்கு அவர்தான் மேலாளர். அங்கே வரும் இளைஞர்களுக்குக் கணினி வகுப்பு தொடங்க வேண்டும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மடிக்கணினிகள் வேண்டும். அதற்காக ஒரு வங்கிக்குப் போனவர், தன் பெயரில் காப்பீட்டுப் பாலிசி எடுத்துக்கொண்டு வந்தார். பேக்கரிக்குப் போய்ப் பெரிய பிளம் கேக்கோடு வந்தார்.

"ரொம்ப மரியாதையா பேசினாங்கப்பா. வெறுங்கையோட எப்படி வர்றது?"

கேக்கைத் தின்று முடித்த பிறகு, நூலகத்துக்கு வரும் பி.காம். மாணவி வைஷ்ணவி சொன்னாள்: "அங்கிள், அடுத்த தடவை நானும் வர்றேன். நீங்க வாயே திறக்கக் கூடாது."

இருவரும் சுந்தரமூர்த்தியின் ஜவுளிக்கடைக்குப் போனார்கள். அவள் கையிலிருந்த வெள்ளைக் கோலைப் பார்த்ததுமே அவர் உருகிவிட்டார். "பாவம்மா நீ. பழைய ஸ்டாக் போர்வை இருக்கு, எடுத்துக்கோ. சொல்ப அழுக்குதான், தோய்ச்சா போயிடும்."

"நல்லா கெட்டியா இருக்கு சார்," என்று ஓஸ்வால்ட் போர்வையைத் தடவினார். வைஷ்ணவி அவர் காலை மிதித்தாள்.

"போர்வை வேணாம்ணா. நாங்க காமெடி நாடகம் போடறோம். டிக்கெட் வாங்குங்க."

"காமெடியா? நீங்களா?"

"சிரிப்பு வரலேன்னா காசு வாபஸ்."

எப்படியும் திரும்ப வாங்கிவிடலாம் என்ற தைரியத்தில், கடை ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து முன்வரிசையே வாங்கிவிட்டார் சுந்தரமூர்த்தி.

சர்ச் ஹாலில் நாடகம். மேடையில் ஒருவன் நன்கொடை கேட்கப் போய், தையல் மெஷினும் ஆட்டுக்குட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பினான். ஓஸ்வால்டுக்குக் காது சிவந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் அந்த ஆட்டுக்குட்டியே அவனிடம் பாலிசி விற்க ஆரம்பித்தது. ஓஸ்வால்ட் நாற்காலி ஆட ஆடச் சிரித்தார்.

நாடகம் முடிந்ததும், வாயில் திணித்திருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு சுந்தரமூர்த்தி வைஷ்ணவியிடம் வந்தார். "நான் சிரிக்கலம்மா. காசைக் குடு."

"முன்வரிசையில யாரோ ஸ்கூட்டர் உதைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்துட்டே இருந்துச்சேண்ணா?"

"அது... இருமல்."

பின்னால் நின்ற கடை ஆட்கள் குபீரென்று சிரித்தார்கள். மறுபடியும் ஸ்கூட்டர் உதைபட்டது. கண்ணைத் துடைத்தபடி அவர் கேட்டார்: "அடுத்த ஷோ எப்போ? வீட்டுல கூட்டிட்டு வரணும்."

மூன்றாவது ஷோ முடிவதற்குள் மடிக்கணினிகள் வந்துவிட்டன. வகுப்பின் முதல் நாள் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தபோதுதான், ஹெட்போன் என்ற ஒன்றை யாருமே யோசிக்கவில்லை என்பது ஓஸ்வால்டுக்கு உறைத்தது.