நான் தலையாட்டிய நாடகம்

சணல் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூச்சு விட்டிருக்கிறீர்களா? பழைய அரிசியின் மணமும் தூசியும் மூக்கில் ஏறும். நாம் விடும் மூச்சே சூடாக முகத்தில் திரும்ப அடிக்கும். இரண்டு துளைகள் வழியே தெரிகிற உலகம் மிகவும் சின்னதாக இருக்கும். பதினைந்து வயதில், நாங்கள் சிட்னியில் பென்டில் ஹில்லில் குடியிருந்தபோது, பாசுமதி அரிசி வந்த பத்துக் கிலோ சாக்கொன்றில் நானே கண்களுக்குத் துளை வெட்டி, பெருமையோடு போட்டுக்கொண்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த வருடம் எங்கள் பள்ளி நாடக ஆசிரியை தானே எழுதிய நாடகமொன்றை மேடையேற்றினார். பல நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் போய்க் குடியேறிய, சிரிப்பதற்குக்கூடக் கடவுளுக்குப் பயந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள், தங்கள் ஊர்ப் பெண்களையே சூனியக்காரிகள் என்று பிடித்து விசாரித்துத் தூக்கிலிட்ட கதை அது. முக்கியப் பாத்திரங்கள் நால்வர். எல்லாம் தெரிந்தவர் போல் நடக்கும் நீதிபதி. வாய் திறக்கத் தயங்கும் விவசாயி ஈதன். அவன் மனைவி ஹன்னா. அவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண் பேஷன்ஸ். முதலில் பிடிபடும் பேஷன்ஸ், தான் தப்புவதற்காக மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கிறாள். ஹன்னாவிடமும் ஒரு பெயர் சொல்லச் சொல்கிறார்கள். அவள் சொல்லாமலே சாகிறாள். எனக்குக் கிடைத்தது பேஷன்ஸ் வேடம். அந்தப் பெயருக்குப் பொறுமை என்று அர்த்தம் என்றதும், "ஆளைப் பாத்துத்தான் குடுத்திருக்கினம்!" என்று அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே சிரித்தார்.

வசனம் பாடமாக்க உதவியவர் அப்பா. பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை வேலைக்குப் போய் மதியமே வந்துவிடுகிற அவர், நான் பள்ளியால் வந்ததும் "கதிரை"யை விறாந்தைப் பக்கம் இழுத்துப் போட்டு நீதிபதியாக அமர்வார். ஸ்கிரிப்டைப் புரட்டினால் அடுத்த பக்கத்தில் அவரே ஈதன். அதற்கடுத்த பக்கத்தில் குரலை மெல்லிசாக்கி ஹன்னா. யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் ஹன்னா பேசுவதைக் கேட்டு நான் தரையில் உருண்டு சிரிப்பேன். கோயில் திருவிழாவுக்கோ பிறந்தநாள் விழாவுக்கோ எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, முடியும்வரை காருக்குள்ளேயே இருக்கிற மனிதர், அந்தச் சில வாரங்கள் என்னோடு அப்படி விளையாடினார். ஒரேயொரு இடத்தில் மட்டும் தடுமாறுவார். ஹன்னா பெயர் சொல்ல மறுக்கும் இடத்தை அவசரமாக வாசித்துத் தள்ளிவிட்டு, "தண்ணி கொஞ்சம் கொண்டா பிள்ளை" என்பார். ஆங்கிலம் கஷ்டமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வாசித்து முடித்த பிறகு, "உந்தப் பேஷன்ஸ் பெட்டைக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"அது ஸ்கிரிப்ட்ல இல்லை அப்பா."

"அவளைப் பற்றிப் பிறகு ஒண்டும் எழுதேல்லையோ?"

இல்லை என்றேன். அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் தந்தார்.

பேஷன்ஸ் விரல் நீட்டிக் காட்டிக்கொடுக்கும் காட்சி பயமூட்டுவதாக இல்லை என்று ஆசிரியைக்குக் குறை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வென்ட்வேர்த்வில்லில் ஒரு பிறந்தநாள் விழாவில் அன்ரிமார் தங்களுக்குள் பேசியபோது என் காதில் விழுந்த சொல் "தலையாட்டி". இலங்கையில் போர்க்காலத்தில் இராணுவத்தினர் ஊரைச் சுற்றிவளைத்து, ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு, தலையில் சாக்குப் போட்டு முகம் மறைத்த ஒருவன் முன்னால் கொண்டுவருவார்களாம். அவன் தலையாட்டினால் அந்த ஆளை லொறியில் ஏற்றிவிடுவார்களாம். இதை நான் ஆசிரியைக்குச் சொன்னேன். அவருக்குப் புல்லரித்துவிட்டது. விரல் நீட்டுவது போய், பேஷன்ஸ் சாக்குடன் மேடைக்கு வந்து தலையாட்டுவாள் என்று முடிவாயிற்று. அப்பாவுக்கு அது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வீட்டில் மூச்சே விடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் முதல் மேடையேற்றம். அப்பா அன்று எனக்காகக் காரை விட்டு இறங்கி வந்து, அயர்ன் செய்த சட்டையோடு மூன்றாவது வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒவ்வொருத்தியாக என் முன்னால் நடந்து வர, நான் தலையாட்டினேன். ஹன்னா வந்தாள், அவளுக்கும் ஆட்டினேன். துளை வழியே அப்பாவைத் தேடினேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. தன் முகத்தைத் தானே கையால் தடவிக்கொண்டிருந்தார், நெற்றியிலிருந்து தாடை வரை, திரும்பத் திரும்ப. நாடகம் முடிந்து நாங்கள் வணக்கம் சொன்னபோது அவருடைய இருக்கை வெறுமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"உந்தச் சாக்கு வேலையை உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

சொன்னேன். அம்மா கதவை இன்னொருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கொப்பாவைப் பத்தொன்பது வயசிலை பிடிச்சவங்கள். அடி தாங்கேலாமல் ஓமெண்டிட்டார். சாக்குப் போட்டுச் சந்தியிலை நிப்பாட்டினவங்கள். நாலு பேருக்குத் தலையாட்டினவர். ஒருத்தரும் திரும்பி வரேல்லை. கண் மட்டும்தானே வெளியிலை தெரியிறது, அந்தக் கண்ணை ஆரும் அடையாளம் கண்டிடுவினம் எண்டுதான் இண்டைக்கும் சனத்துக்குள்ளை வாறேல்லை. நீ ஒண்டும் தெரியாத மாதிரி இரு. உனக்குத் தெரியுமெண்டால் அவர் தாங்க மாட்டார்."

மறுநாள் பின்னேரம் இரண்டாவது மேடையேற்றம். அப்பா வரவில்லை. சாக்கை நான் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறும் முகத்தோடு மேடைக்குப் போனேன். திரைக்குப் பக்கத்தில் நின்று ஆசிரியை சாக்கு எங்கே என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், நான் கவனிக்கவில்லை. என் சிநேகிதிகள் ஒவ்வொருத்தியின் முகத்தையும் நேரே பார்த்துத் தலையாட்ட வேண்டியிருந்தது. ஹன்னாவின் முறை வந்தபோது என் கழுத்து அசைய மறுத்தது; அழுகை வந்துவிட்டது. சபை நடிப்பென்று நினைத்துக் கைதட்டியது. ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் செய்வது எவ்வளவு பாரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பின்வளவில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நாடகம் எப்பிடிப் போச்சு?"

"நல்லாப் போச்சுது அப்பா."

அவர் இன்னும் ஏதோ கேட்கப்போவது போல நின்றார். குழாயிலிருந்து தண்ணீர் ஒரே கன்றின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் உடுப்பு மாற்றினேன்.

அதற்குப் பிறகு அவர் எனக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அன்பு குறைந்ததென்று சொல்ல மாட்டேன். வேலைக்கு என்னைப் பரமட்டா ஸ்டேஷனில் இறக்கிவிட்டார், என் கல்யாணத்துக்கு மண்டபக் கதவடி வரைக்கும் வந்தார். விளையாட்டுத்தான் போய்விட்டது.

அந்தப் பள்ளி மண்டபத்தை இடித்துவிட்டார்கள். பென்டில் ஹில் வீட்டை விற்றாயிற்று. அம்மா இப்போது மெல்பேர்னில், வெரிபீயில் என்னோடு இருக்கிறார். அப்பா போன வருடம் காலமானார். அப்பா தலையாட்டிய அந்த நால்வர் மட்டும் எனக்குள் போகாமல் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கலாம். என் அப்பாவை மன்னியுங்கள் என்று அவர்களிடம் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் மகளாக நான் சொல்லியிருக்கக்கூடியது ஒன்று இருந்தது. ஆசுப்பத்திரியில் கடைசி வாரம், ஈரத்துணியால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டபோது அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். அறையில் வேறு யாரும் இல்லை. எனக்குத் தெரியும் அப்பா, தெரிந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் உங்கள் மகளாக இருந்தேன் என்று நான் சொல்லியிருக்கலாம். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, "போயிட்டு வாறன் அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.