இடக்கை மாப்பிள்ளையும் புது எஸ்.எஸ்.டி.யும்

கணினி பழுதுபார்ப்பவரை யாரும் ஓய்வான நாளில் அழைப்பதில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் அழைப்பார்கள். இதே தொழிலில் இருப்பவர்களுக்கும், இயங்காத பெட்டியின் முன் ஒரு முறையாவது கையைப் பிசைந்து நின்றவர்களுக்கும் இது புதிய செய்தியல்ல.

பல்லக்கும் குதிரையும்

எனக்குப் பாலக்கோட்டில் கடை. அங்கிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் கலாவதி என்பவர் கணினி எம்பிராய்டரி இயந்திரம் வைத்து, மணப்பெண் ரவிக்கைகளுக்கு வேலைப்பாடு செய்து தருகிறார். ஒரு நண்பகலில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. கணினி பாதியில் நின்றுவிட்டதாம். "புது எஸ்.எஸ்.டி. போன வாரமே வாங்கி வெச்சுட்டனுங்க அக்கா, நீங்க வந்து மாட்டிக் குடுத்தாப் போதும்" என்றார். அதை நம்பி, வழக்கமாகப் பையில் இருக்கும் உதிரி எஸ்.எஸ்.டி.யைக் கடையிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

போன பிறகுதான் நிலைமை விளங்கியது. மறுநாள் காலை மொரப்பூரில் திருமணம். மாலை ஆறு மணிக்குப் பெண்வீட்டார் வேன் புறப்படும். ரவிக்கை அதில் ஏறியாக வேண்டும். ரவிக்கையின் வலது கையில் மணப்பெண் அமர்ந்த பல்லக்கு தயாராக இருந்தது. இடது கையில் குதிரை மேல் மாப்பிள்ளை வர வேண்டும். அந்தப் படத்தை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மென்பொருளுக்கு உரிமம் அந்த ஒரு கணினியில் மட்டுமே. ரவிக்கை தைக்கும் சலீம் பாய், வெறுமையாகக் கிடந்த இடக்கைத் துணியை என் முன் விரித்தார். "பல்லக்கு வந்து எறங்கிருச்சு மேடம். மாப்பிள்ளையத்தான் காணோம்."

டக், டக்

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் மடிக்கணினியுடன் இணைத்தேன். உள்ளிருந்து டக், டக் என்று ஓசை எழுந்தது. அதைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், அணைத்தால் மறுபடி உயிர்க்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. மாப்பிள்ளை இருந்த கோப்பை மட்டும் தேடி நகலெடுக்கத் தொடங்கினேன். பச்சைக் கோடு பாதியில் நின்றது. நெடுநேரம் கழித்து அது நகர்ந்து முடிந்தது; சற்றைக்கெல்லாம் டிஸ்க்கின் ஓசையும் அடங்கிப்போயிற்று. கலாவதி தாழ்ந்த குரலில் கேட்டார்: "உசுரு போறதுக்குள்ள பையன நம்ம கையில குடுத்துட்டுப் போயிருச்சுங்களா?"

வெற்றுப் பட்டியல்

இனிமேல் எளிது என்று எண்ணினேன். பழைய ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் கோப்புகளைச் சேமிக்கப்போகும் புது எஸ்.எஸ்.டி., விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய பட்டை. அதன் ஓரத்தில் பொன்னிறத் தொடுமுனைகள் இருக்கும். அந்த ஓரத்தை மதர்போர்டின் துளையில் செருகி, மறுமுனையில் ஒரு திருகை முடுக்கினால் வேலை முடிந்தது. அது வந்த அட்டைப்பெட்டியின் ஒட்டு முன்பே பிரிந்திருந்தது. ஆசைக்குத் திறந்து பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

கணினியை இயக்கி, எந்தெந்த டிஸ்க் இணைந்திருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். ஒன்றுமில்லை. அந்த மதர்போர்டு இந்த வகையை ஏற்குமா என்று பார்த்தேன், ஏற்கும். அமைப்புகளில் அந்தத் துளை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கழற்றி மாட்டினேன். மறுபடியும் வெற்றுப் பட்டியல். உதிரி எடுத்து வரலாம் என்றால், தக்காளி ஏற்றிய வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் நேரம். போய்த் திரும்புவதற்குள் வேன் போய்விடும். பெண்ணின் தாயார் தொலைபேசியில் அழைத்தபடி இருந்தார். கலாவதி என்னைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னார்: "எல்லாம் ஆச்சுங்க. சோத்தாங்கை ரெடி. பீச்சாங்கைதான் பாக்கி."

உரக்கடைக்காரர் சொன்னது

இத்தகைய வேளையில் எளிய காரணத்தை முதலில் தேட வேண்டும் என்பது என் வழக்கம். முன்பு மொரப்பூர்ப் பக்கத்து உரக்கடைக்காரர் ஒருவர், தாமே மாட்டிய எஸ்.எஸ்.டி. தெரியவில்லை என்று கணினியைச் சுமந்துகொண்டு பேருந்தில் வந்தார். திறந்து பார்த்தால், தகவல் கம்பியை மட்டும் சொருகியிருக்கிறார். மின்கம்பி தனியே தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் என்னையே குறை சொன்னார்: "கரண்டு தனியாக் குடுக்கோணும்னு டப்பாவுல போடலீங்களே."

ரப்பர்

கலாவதியின் எஸ்.எஸ்.டி.க்கோ தனி மின்கம்பியே கிடையாது. ஆகவே அந்த நம்பிக்கையும் போயிற்று. அதைக் கழற்றி, யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளி உறையில் பொருத்தி என் மடிக்கணினியில் சோதித்தேன், அங்கும் தெரியவில்லை. பழுதான சரக்கு என்று சொல்ல வேண்டியதுதான் மீதி. சொல்வதற்கு முன், பழக்கத்தின் பேரில், தொடுமுனைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்தேன். வெள்ளை ரப்பர் மஞ்சளாயிற்று. பொன்முலாம் இப்படி உதிராது. முகர்ந்து பார்த்தேன். சமையலறை வாசனை.

"கலாவதி, இதுல என்னங்க வெச்சீங்க?"

"வெள்ளிக்கெழம சாமிகிட்ட வெச்சு மஞ்ச வெச்சனுங்க. புதுப் பொருளாச்சே."

"ஓரத்துலயா?"

அவருடைய முகம் மாறியது; ஆனால் விளக்கம் தெளிவாக இருந்தது. "எழுத்து மேல வெச்சா அழுக்காயிருமுங்களே அக்கா. அந்த ஓரம் தங்கக் கலரா, சும்மாத்தான இருந்துது. மஞ்சளோட மஞ்சளா இருக்கட்டும்னு நெனச்சேன்."

வேன்

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தொடுமுனைகளைத் துடைத்தேன். துளையைத் தூரிகையால் சுத்தம் செய்தேன். இயக்கினேன். பட்டியலில் ஒரு வரி தோன்றியது. கலாவதி கைகூப்பினார், எதை நோக்கி என்று நான் கேட்கவில்லை. விண்டோஸ் ஏறி, மென்பொருள் ஏறி, இயந்திரத்தின் ஊசி குதிரையின் முதல் குளம்பைத் தொட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. அதன்பின் நூல் அறுந்தால் கோக்க ஒருவர், மின்சாரம் போகாதிருக்க வேண்டிக்கொள்ள ஒருவர் என்று பக்கத்திலேயே நின்றோம்.

மாப்பிள்ளையின் தலைப்பாகைக் குஞ்சம் முடியும்போது வாசலில் வேன் ஆரன் அடித்தது. இடக்கை தயார், ஆனால் அதை ரவிக்கையோடு இணைக்க நேரமில்லை. சலீம் பாய் ரவிக்கையையும் கையையும் ஊசிநூலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பெண்வீட்டாரோடு வேனில் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தார். "மொரப்பூர் போறதுக்குள்ள மாட்டிருவேன். டிரைவரு மட்டும் வேகத்தடையில மெதுவாப் போவட்டும்."

அன்றிலிருந்து, கணினியில் தெரியாத எஸ்.எஸ்.டி.யோடு யார் வந்தாலும், அதை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில் மஞ்சள் வைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.